வேண்டாம் என்றால் ஆம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்த முறை அதற்கு அவசியமே இல்லாமல் உன் முகம் நேரில் வந்து நிற்கிறது. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்தால், என் மேஜைமேல் யாரோ நாளிதழை விரித்து வைத்திருக்கிறார்கள். கையில் கத்தரிக்கோல், சட்டைக் காலரில் இரண்டு கிளிப், நெற்றி முழுக்கச் சுருக்கம். நீயேதான். கீழே கொட்டை எழுத்தில், "எனக்கு இது வேண்டாம். இத்தோட போதும்!" அதற்கும் கீழே, 'ஒருங்கிணைந்த விற்பனை வரி: சலூன் நடத்தும் பெண் ஆவேசம்.'

ஆவேசமா? நீயா? காபி ஆறிப்போய் வந்தாலும் குடித்துவிட்டு "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நீ. உனக்கு ஒரு கருத்து இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவும் என் பிழைப்பில் மண்ணைப் போடுகிற கருத்து! எங்கள் கம்பெனியில் கணக்கெழுதுகிற அத்தனை பேரும் இந்த வரி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது பொருளுக்கு ஒரு வரி, வேலைக்கு ஒரு வரி, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி அதிகாரி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நான் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருவேன். முடி வெட்டுவதற்கு இதுவரை ஒரு வரிதான். இனி இரண்டும் சேர்ந்து விழும், கொஞ்சம் விலை ஏறும் என்பது உண்மைதான். அதற்காகத் தங்கச்சியைத் தெருவில் விடலாமா?

விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருகிறேன். விக் செய்யும் பட்டறையில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் நாடகக்காரர்களுக்கும் அங்கே விக் பின்னுகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? மேற்பார்வை பார்க்கிற அம்மாள், "உங்க அக்காவை ஜூனுக்குள்ள வரச் சொல்லுங்க. அதுவரை நாற்காலியை வெச்சிருக்கேன்" என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை, அக்கா. உன் காலுக்கு அதுதான் வேண்டும். அத்தானிடம் பேசிவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே. பேசினாயா?

உன்,
மொட்டை

(நீ எனக்குச் செய்த முதல் முடிவெட்டின் ஞாபகமாக இன்னும் இந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுகிறேன். மறந்துவிடாதே.)

---

பிப்ரவரி 17

அன்புள்ள மொட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கண்ணுல முடி விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

பேசினாயா என்று கேட்டிருக்கிறாய். பேசினேன், அதைத்தான் நீ பத்திரிகையில் படித்தாய்.

அன்று காலை எப்படியும் உன் அத்தானிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் மாடியிலிருந்து இறங்கினேன். என்ன சொல்வது என்று பல வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். நீளமாகச் சொன்னால் அவர் பாதியில் புகுந்து தன் பேச்சை ஆரம்பித்துவிடுவார். அதனால் சின்னதாக, இரண்டே வாக்கியம். அவர் ஏணிமேல் ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு அம்மாளுக்கு டிரையர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேலிருந்தபடியே, "ஜன்னல் பக்கம் இன்னொரு நாற்காலி போட்டுடலாமா? உன்னால ஒரே நேரத்துல ரெண்டு தலை பார்க்க முடியும்" என்றார்.

அவ்வளவுதான். டிரையர் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "எனக்கு இது வேண்டாம். இத்தோட போதும்!"

எனக்குப் பின்னால் ஒரு நிருபர் வந்து நின்று, "புது வரியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏணிமேல் இருந்தவருக்கு நான் சொன்னது காதிலேயே விழவில்லை. மறுநாள் பத்திரிகையில்தான் படித்தார். படித்துவிட்டுக் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா உனக்குன்னு ஒரு கருத்து இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றார்.

அந்த நேரத்தில் போய், நான் சொன்னது உங்கள் வரியை இல்லை, உங்கள் கடையை என்று எப்படிச் சொல்வேன்? கடையை மட்டும் சொன்னேனா, அவரையும் சேர்த்தா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் கடையும் கல்யாணமும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. கீழே கடை, மேலே வீடு. வெளியே போக வேண்டுமென்றால் கடைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். உன் கூட்டு வரி எங்கள் வீட்டுக்கு முன்னாடியே வந்துவிட்டது, போ.

போன் செய்யாதே. அது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மாமியாரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடிதமே எழுது.

அக்கா

---

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வந்த கோபத்தில் பேனா முள் வளைந்துவிட்டது. அந்த நிருபரைச் சொல்வதா, அத்தானைச் சொல்வதா, உன்னைச் சொல்வதா? ஒரு வார்த்தை, "நான் அதைச் சொல்லவில்லை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன தடை?

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பத்திரிகைக்குப் போன் போட்டுத் திருத்தம் போடச் சொல். வெளியே இருந்து பேசு, கடையிலிருந்து வேண்டாம். அத்தானிடம் டிரையர் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் ஏணியில் இல்லாத நேரமாகப் பார்த்து, அதே இரண்டு வாக்கியத்தைத் திரும்பச் சொல். நல்ல வாக்கியங்கள்தான். விலாசம் மாறிப்போனது, அவ்வளவே.

இன்னொன்று. அத்தான் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் 'வரி வந்தால் என் மனைவியின் கடை மூடிவிடும்' என்று பேசியதாகப் படித்தேன். சுத்தப் புருடா. விலை கொஞ்சம் ஏறும், ஜனங்கள் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள், பிறகு முடி வளர்ந்ததும் வந்துவிடுவார்கள். வரிக்காக யாரும் முடியை வளர்த்துக்கொண்டு திரிய மாட்டார்கள். கணக்குத் தெரிந்தவள் சொல்கிறேன், நம்பு.

ஜூன் என்பதை மறக்காதே.

உன்,
மொட்டை

---

மார்ச் 22

அன்புள்ள மொட்டைக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். மருந்துக்கடையிலிருந்து பத்திரிகைக்குப் போன் செய்தேன். அந்த நிருபர் பெண் ரொம்ப அன்பாகப் பேசினாள். "நான் அன்னிக்குச் சொன்னது வரியைப் பத்தி இல்லைம்மா" என்றேன். "வரியைப் பத்தி மட்டும் இல்லைங்கறீங்க. மொத்த அரசாங்கத்தையும் சொல்றீங்க. எழுதிக்கிறேன்" என்றாள். இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மறுநாள் தலைப்பு: 'இல்லை, இல்லை, இல்லை! சலூன் அக்கா மீண்டும் முழக்கம்.'

இப்போது எனக்குப் பெயரே அதுதான். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள்கூட "சலூன் அக்கா" என்று கை ஆட்டுகிறார்கள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. எனக்கு ஆதரவு தெரிவிக்க முடி வெட்டிக்கொள்ள வருகிறார்கள், மொட்டை! வெட்ட ஒன்றும் இல்லாத தலைகள் எல்லாம் வந்து உட்காருகின்றன. போன வாரம் ஓட்டிப் பார்த்த அதே பிடரியை இந்த வாரமும் ஓட்டுகிறேன். ஒவ்வொரு தலைக்கும் ஒரு கருத்து. செருப்புக் கடைக்காரர், வரி வந்தால் ஜனங்கள் வெறுங்காலோடு நடப்பார்கள் என்கிறார். டிரைவிங் சொல்லித்தருகிறவர், இரண்டு வரியைச் சேர்த்தால் மூன்று வரி ஆகும் என்று ஏதோ கணக்குச் சொல்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும், "யோசிச்சுப் பார்த்தா நல்ல வரிதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உடனே சுற்றுமுற்றும் பார்த்து, "ஆனா வேண்டாம், வேண்டாம்" என்றார். பாவம், பாதித் தலை வெட்டியிருந்தேன். எழுந்து போகவும் முடியாது.

ஜன்னல் பக்கம் இரண்டாவது நாற்காலி வந்துவிட்டது. நிற்கிற நேரம் இரட்டிப்பு ஆகிவிட்டது. காலில் நரம்பு கயிறு மாதிரி புடைக்கிறது.

கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் உன் அத்தான் என் போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறார். கீழே சிவப்பில், 'வரி வந்தால் இந்தக் கடை மூடும்.' எதிர்ச் சுவரில் இருப்பதால் நான் தலை நிமிரும்போதெல்லாம் கண்ணாடிக்குள் என் முகத்துக்குப் பின்னால் இன்னொரு நான். எழுத்தெல்லாம் இடம் வலமாக.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நேற்று கடை சாத்தும்போது மாமியார் கல்லாவிலிருந்து எழாமல், "ஏம்மா, அன்னிக்கு நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். எந்த நாள் என்று கேட்டேன். "ஏணி போட்ட அன்னிக்கு. நீ வரியைச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்." கையிலிருந்த பூட்டை மேஜைமேல் வைத்தேன். கல்லாவைச் சாத்திவிட்டு, "அவன் இப்பதான் பொறந்ததிலேர்ந்து மொத தடவையா நாலு பேரு முன்னாடி நிமிர்ந்து நிக்கறான். வெளியே சொல்லிடாதே, தாயி" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கெஞ்சுகிறவரிடம் என்ன சொல்ல முடியும்?

அக்கா

---

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுவரொட்டி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் நான் தினமும் உனக்குக் கீழேதான் நிற்கிறேன். அலுவலகத்தில் ஒருவருக்கு, அது என் அக்கா என்று தெரிந்துபோயிற்று. "வீட்டிலேயே சரிக்கட்ட முடியலை, நாட்டுக்கு வரி போட வந்துட்டாங்க" என்று காதுபடச் சொல்கிறார். சொல்லட்டும்.

நேற்றுப் பட்டறைக்குப் போய் வந்தேன். உனக்காகப் பார்த்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், கேள். நீளமான மேஜை. வரிசையாக மரத் தலைகள், வலை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுகிறார்கள். ஒருத்தரும் பேசுவதில்லை. உன்னுடைய நாற்காலி வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில். கால் நீட்டிக்கொள்ள அடியில் ஒரு பலகை இருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்தேன். மரத் தலைகளுக்கு எதைப் பற்றியும் கருத்துக் கிடையாது, அக்கா. உனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டிலும் சின்ன அறையைக் காலி செய்துவிட்டேன். கட்டில் போட்டு, சுவரில் உன் பை மாட்ட ஒரு ஆணியும் அடித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சுவரொட்டியில் உன் முகத்தைத் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு புதுப் படத்திலும் நீ இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கிறாய். தலைவாரி, பூப்போட்ட சட்டை போட்டு. உனக்கு இது பிடிக்க ஆரம்பித்துவிட்டதா?

உன்,
மொட்டை

---

மே 4

அன்புள்ள மொட்டைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ கேட்டது வலித்தது. வலித்ததற்குக் காரணம், அதில் ஒரு துளி உண்மை இருந்ததுதான். நான் பேசினால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது ஒரு வாரம், இரண்டு வாரம் இனிப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் என் வேலையே மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதானே. பூப்போட்ட சட்டை உன் அத்தான் வாங்கிக்கொடுத்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவராக வாங்கிய முதல் சட்டை. ஆனால் அந்த இனிப்பு போய்விட்டது. அதையும் கேட்டுக்கொள்.

அடுத்த மாதம் ஓட்டெடுப்பு என்று உனக்குத் தெரியும். சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? 'ஒருங்கிணைந்த விற்பனை வரியைக் கைவிடலாமா? ஆம் / இல்லை.' வரி வேண்டாம் என்கிறவர்கள் 'ஆம்' என்று போட வேண்டும். வேண்டும் என்கிறவர்கள் 'இல்லை' என்று போட வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ! மூன்று மாதமாக 'வேண்டாம், வேண்டாம்' என்று கத்திப் பழகிய ஜனங்கள் எல்லாம் போய் 'இல்லை'யில் குத்திவிடுவார்களே என்று உன் அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. அதனால் கடையில் வகுப்பு நடக்கிறது. தலையை என்னிடம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்கள் அசைய முடியாது அல்லவா? அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வேண்டாம்னா?" என்பார். அவர்கள் கண்ணாடியைப் பார்த்து, "ஆம்!" என்று சொல்ல வேண்டும். இப்போது தெருவே இப்படித்தான் பேசுகிறது. டீ வேணுமா என்று கேட்டால், வேண்டாதவர்கள் "ஆம்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். என்னை மேடைக்கு ஏற்றினார்கள். பேச வேண்டாம், அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் தோன்றியது. இங்கே டிரையர் இல்லை. ஏணி இல்லை. அவர் என் பக்கத்திலேயே, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வரும்?

ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவரைப் பார்த்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு இது வேண்டாம். இத்தோட போதும்." கத்தவில்லை. வீட்டில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். என் குரல் உடைந்தது எனக்கே கேட்டது.

கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. உன் அத்தான்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார். "என்னமா சொன்னே! அழுதுட்டேன்" என்று காதில் சொன்னார். முன்வரிசையில் மாமியார் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் இருந்ததே அந்த இரண்டு வாக்கியம்தான். அதையும் வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

அக்கா

---

மே 12

என் அக்காவுக்கு,

நான் கேட்டதை மன்னித்துவிடு. பேருந்து நிறுத்தத்தில் உன் படத்தைப் பார்த்து இன்று நிஜமாகவே அழுதேன். பக்கத்தில் நின்றவர், "வரி அவ்வளவு கஷ்டமா?" என்று விசாரித்தார்.

இனிமேல் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். சொல்லிப் பயன் இல்லை. பேசாமல் கிளம்பி வா. ரயில் டிக்கெட் இத்துடன் வைத்திருக்கிறேன், எந்த நாளும் செல்லும். ஒரு பை, உன் கத்தரிக்கோல்கள், காலுக்குப் போடுகிற உறை. காய்கறி வாங்கப் போவது மாதிரி இறங்கி நட. வந்து சேர்ந்த பிறகு நானே அத்தானுக்கு எழுதுகிறேன். பிள்ளையா குட்டியா, உன்னைப் பிடித்து வைக்க அங்கே என்ன இருக்கிறது?

மேற்பார்வை அம்மாள் இன்றும் கேட்டார். வேறு ஒருத்தி தினமும் வந்து அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். சீக்கிரம்.

உன்,
மொட்டை

---

மே 31

அன்புள்ள மொட்டைக்கு,

கிளம்பினேன். சத்தியமாகக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம், மாமியார் கண் அசந்த நேரம், பையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். ஸ்டேஷனுக்குப் போகிற பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறியதும் டிரைவர் எழுந்தே விட்டார். "சலூன் அக்கா! ஸ்டேஷன் கூட்டத்துக்கா?" அங்கே கூட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. பயத்தில் ஆமாம் என்றேன். பேருந்து முழுக்கக் கைதட்டியது. ஸ்டேஷன் வாசலில் மேடை போட்டு உன் அத்தான் பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியை மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, ஹாரன் அடித்து, என்னை இறக்கிவிட்டார்.

பையோடு மேடையில் போய் உட்கார்ந்தேன். ரயில் எனக்குப் பின்னால் வந்து நின்றது. சத்தம் அடங்கட்டும் என்று பேச்சை நிறுத்திவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு அது போய்விட்டது. "பையில என்ன?" என்று உன் அத்தான் கேட்டார். உங்களுக்கு மாற்றுச் சட்டை என்றேன். நெகிழ்ந்துபோய்விட்டார்.

என் முகத்தை வைத்துக்கொண்டு இனி நான் எங்கேயும் தனியாகப் போக முடியாது. ஓட்டெடுப்பு முடியட்டும். அவர் ஊர் ஊராக ஒன்றைத்தானே சொல்கிறார், வரி வந்தால் கடை மூடும் என்று? நீ புருடா என்கிறாய். உனக்குக் கணக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு இப்போது நம்ப வேறு ஒன்றும் இல்லை.

கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

---

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. 'ஆம்' ஜெயித்தது, வரி போயிற்று. இரண்டு கணக்கும் பழையபடி என் மேஜையிலேயே தங்கிவிட்டன. உன் கடை மூடாது. வாழ்த்துகள் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

பட்டறையில் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் காக்க முடியாது என்று அந்த அம்மாள் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாலு மாதம் காத்தவர். திங்கட்கிழமை போனபோது வடக்கு ஜன்னல் பக்கம் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பலகையில் கால் நீட்டியிருந்தாள்.

எனக்குக் கோபம் இல்லை. அலுப்பாக இருக்கிறது. நான்தான் உன்னை இழுத்துக்கொண்டிருந்தேனோ என்று தோன்றுகிறது. உனக்கு வர வேண்டும் என்றிருந்தால் எப்படியும் வந்திருப்பாய். இனி இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். சின்ன அறையை வாடகைக்கு விடலாம் என்று பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தங்கை

---

ஜூன் 26

அன்புள்ள மொட்டைக்கு,

நீ 'தங்கை' என்று கையெழுத்துப் போட்டதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. எழுத வேண்டாம் என்றாய், நான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

முடிவு வந்த அன்று தெருவெல்லாம் ஒரே கொண்டாட்டம். உன் அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாநில வியாபாரிகள் சங்கத்துக்கு அடுத்த தலைவர் அவர்தான் என்று பேச்சு. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொரு தெருப் பெட்டிக்கும் தனித்தனியாக எண்ணிக்கை ஒட்டினார்கள். எங்கள் கடைத்தெருப் பெட்டியில் எல்லாம் 'ஆம்'. 'இல்லை' ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று அவரைத் தின்றுவிட்டது. ஊரே ஜெயித்தாலும் தன் தெருவில், தன் மூக்குக்குக் கீழே, ஒருத்தன் மாற்றிக் குத்தியிருக்கிறான்! வாத்தியாராக இருக்குமோ என்றார். வாத்தியார் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார், பாவம். செருப்புக் கடைக்காரர் கண்ணாடி போடாமல் போய்த் தப்பாகக் குத்தியிருப்பார் என்றார். அவர் அழாத குறையாகச் சத்தியம் செய்தார். ஒரு வாரமாகக் கடையில் இதே பேச்சு. ஒவ்வொரு தலையையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் கடிதம் வந்த அன்று மாலை, கடைசி வாடிக்கையாளர் போன பிறகு, நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் கல்லாவில். உன் அத்தான் மறுபடியும் ஆரம்பித்தார். "யாரா இருக்கும்?"

"நான்தான்" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "குழம்பிட்டியா? வேண்டாம்னா ஆம்னு உனக்கே தெரியாமப் போச்சா?" என்று, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். நான் பிடித்துக்கொண்டு தப்பித்துக்கொள்ள ஒரு கொம்பை நீட்டினார், மொட்டை. எப்போதும் அதைப் பிடித்திருப்பேன்.

"குழம்பலை. சரியாத்தான் குத்தினேன். வரி வரணும்னு குத்தினேன்."

"ஏன்?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள் இருக்கிற என்னைப் பார்த்து அல்ல, நேராகத் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வரி வந்தா இந்தக் கடை மூடிடும்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க பேச்சை நம்பித்தான் போட்டேன்."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ, வேண்டாம்னு சொன்னது..." என்று இழுத்தார். "ஆமாங்க" என்றேன். புது நாற்காலியில், நான் ஒருநாளும் உட்காராத அந்த ஜன்னல் பக்க நாற்காலியில், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அப்படியே தலையைத் தடவி, தமாஷ் பண்ணினேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் நிமிர்ந்து, "இது வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார். பிறகு எழுந்து இப்படியும் அப்படியும் நடந்தார். நடந்தபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நீ கொஞ்ச நாள் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வா. ரொம்ப அலைஞ்சிட்டா, ஓய்வுக்குப் போயிருக்கான்னு சொல்லிடறேன். தலைவர் தேர்தல் முடியட்டும். இங்க இருந்தா யார்கிட்டயாவது வாய் தவறிச் சொல்லிடுவே" என்றார்.

நான் கத்திச் சொன்னேன், காதில் விழவில்லை. மேடையில் சொன்னேன், கைதட்டினார். ஒரு ஓட்டை மாற்றிக் குத்தினேன், கதவை அவரே திறந்துவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை காலை ரயில். அவரே ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிடுகிறாராம், வழியில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் இருக்க. நீ அனுப்பிய டிக்கெட் இன்னும் செல்லும்தானே?

நாற்காலி போனால் போகட்டும். உன் அறையில் தரை இருக்கிறதல்லவா, அதில் உட்கார்ந்துகொள்கிறேன். பட்டறை அம்மாளிடம் வேறு இடம் காலியாகும்போது சொல்லச் சொல். அதுவரை யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்து ஏதாவது செய்வேன். அறையை யாருக்கும் விட்டுவிடாதே. விட்டிருந்தாலும் வருகிறேன்.

இன்று பை கட்டி வைத்தேன். மாமியார் என் கத்தரிக்கோல்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் கொடுத்தார். உன் அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "தேர்தல் முடிஞ்சதும் வந்துடுவே இல்ல?" என்று கேட்டார்.

நான் 'ஆமாங்க' என்று சொல்லவில்லை. சீட்டில் அச்சடித்திருந்த மாதிரி, தெளிவாக, "ஆம்" என்றேன்.

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று மாமியாருக்குத் தெரியும். கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுந்து போய், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கதவடியில் கட்டையை வைத்தார். வெளியே காற்று நன்றாக வந்தது.

அக்கா